எரிவாயு ஆலைக்கு வைக்கோல் கொடுக்கும் முன் குமரப்பாவின் கணக்கைப் பாருங்கள்



கும்பப்பூ அறுவடை முடிந்த கையோடு நாஞ்சில் நாட்டு வயல்களில் வைக்கோல் கட்டும் இயந்திரம் இறங்கிவிடுகிறது. உருட்டிக் கட்டிய வைக்கோல் லாரி ஏறி வெளியூர் போகிறது. மாட்டுத் தீவனத்துக்கும் காளான் வளர்ப்புக்கும் போவது நமக்குப் பழக்கம்தான். இப்போது புதிதாக ஒரு கேள்வி வருகிறது. வைக்கோலிலிருந்தும் சாணத்திலிருந்தும் எரிவாயு எடுத்துக் குழாயில் விடுகிறார்களாமே, நம் வைக்கோலைக் கேட்டு வந்தால் கொடுக்கலாமா, என்ன விலை சொல்லலாம்? பூதப்பாண்டிப் பக்கம் நடந்த ஒரு கூட்டத்தில் ஒரு பெரியவர் இதைக் கேட்டார். விலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரு மனிதரின் கதையை அவருக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்த மனிதர் ஜே.சி. குமரப்பா. காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களை வளர்த்த பொருளாதார அறிஞர் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி படித்திருப்பீர்கள். அடிப்படையில் அவர் ஒரு கணக்கர். அவர் செய்த வேலையைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும்.

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தை சாலமன் துரைசாமி கொர்னேலியஸ் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மகன் லண்டனுக்குப் போய்க் கணக்குத் தணிக்கை படித்தார், அங்கேயே சில காலம் வேலையும் பார்த்தார். 1919-ல் பம்பாய் திரும்பி, கம்பெனிகளின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தொழிலில் இறங்கினார். நல்ல வருமானம், மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம். முப்பத்தைந்து வயது வரை கிராமம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது என்றே சொல்லலாம்.

1927-ல் அமெரிக்கா போனார். முதலில் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் படித்தார். பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரசு நிதி பற்றிப் படித்தார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, இந்தியாவின் அரசு வரவு செலவுக்கும் இந்தியரின் வறுமைக்கும் உள்ள தொடர்பு. கம்பெனிக் கணக்கைப் பார்ப்பது போலவே வெள்ளைக்கார அரசின் கணக்கையும் வரி வரியாகப் பார்த்தார். நம் நாட்டில் வசூலாகும் பணம் எங்கே போகிறது, எவ்வளவு திரும்ப வருகிறது என்று எழுதிப் பார்த்தபோது, போவது மட்டுமே அதிகம் என்று தெரிந்தது. அந்த ஆய்வுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் கொர்னேலியஸ் என்ற பெயரை விட்டுக் குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவுக்குத் திரும்பினார்.

ஊர் வந்ததும் அந்த ஆய்வைப் பதிப்பிக்கும் விஷயமாகக் காந்தியைப் பார்க்க 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். அங்கே ஒரு மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் ஒரு முதியவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா சற்று நேரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான், அவர்தான் காந்தி என்று விளங்கியது. மடிப்புக் கலையாத மேல்நாட்டு உடையோடு அந்தச் சாணத் தரையிலேயே தாமும் உட்கார்ந்தார். காந்தி ஆய்வைத் தம் பத்திரிகையில் வெளியிட ஒப்புக்கொண்டதோடு, குஜராத்தில் ஒரு தாலுகாவின் கிராமங்களை ஆராய்ந்து தர முடியுமா என்றும் கேட்டார்.

அப்படிக் கிடைத்ததுதான் கேடா மாவட்டத்து மாதர் தாலுகா ஆய்வு. குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகப் போனார். என்ன விளைந்தது, விதைக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, தீர்வை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று குடியானவர் வீட்டுக் கணக்கை எழுதி எடுத்தார். குடியானவருக்கு மிஞ்சுவது என்ன என்று பார்க்காமலே தீர்வை போடப்படுகிறது என்பதை அந்தக் கணக்கு எண்ணால் காட்டியது. எங்களைப் போன்ற விரிவாக்க ஆட்கள் இன்று கிராமத்தில் எடுக்கும் கணக்கெடுப்புக்கெல்லாம் அவர் முன்னோடி. நாங்கள் எடுக்கும் கணக்குகள் பல அலமாரியில் தூங்குகின்றன, அது வேறு கதை.

கணக்கில் அவர் எவ்வளவு கறார் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1934-ல் பீகாரில் பெரிய நிலநடுக்கம். ராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரண வேலை நடந்தது. பணத்துக்குப் பொறுப்பு குமரப்பா. தொண்டர்களுக்கு ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு இவ்வளவு அணாதான் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார். காந்தி தம் குழுவோடு அங்கே வந்தபோது, அந்தக் குழுவின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மறுத்துவிட்டார். நிதி யாருக்காக வந்ததோ அவர்களுக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் கணக்கு. காந்தி அதை ஏற்றுக்கொண்டார்.

பத்தாயமும் பழையாறும்

1934 டிசம்பரில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கியது. குமரப்பா அதன் செயலாளர். மகன்வாடி என்ற தோட்டத்தில் கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு, பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சோப்பு என்று வரிசையாகச் சோதனைகள் நடந்தன. கருப்பட்டி காய்ச்சும் நம் பனையேறிகளுக்கும், மார்த்தாண்டத்தில் 1920-களிலேயே ஒய்.எம்.சி.ஏ. மூலம் தேனீப் பெட்டியைக் கற்றுக்கொண்ட குடும்பங்களுக்கும் இந்தப் பட்டியல் அந்நியமாக இருக்காது.

நம் கதைக்கு முக்கியமானது அங்கே உருவான ஒரு விளக்கு. மகன் தீபம் என்று பெயர். மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரியும்படி அமைத்தது. நம் பாட்டிமார் புன்னை எண்ணெயில் விளக்கேற்றியவர்கள்தானே, இதில் என்ன புதுமை என்று கேட்பீர்கள். விளக்கை விட அதற்கு அவர் சொன்ன காரணம்தான் பெரிது. மண்ணெண்ணெய் பூமிக்கு அடியில் அளவோடு கிடக்கும் சரக்கு. எடுக்க எடுக்கக் குறையும், திரும்ப ஊறாது. குறையும் பொருளுக்கு நாடுகள் அடித்துக்கொள்ளும், போர் வரும். எண்ணெய் வித்தோ ஆண்டுதோறும் வெயிலும் மழையும் மண்ணும் சேர்ந்து தருவது. முதல் வகையை அவர் தேக்கத்திலிருந்து எடுக்கும் பொருளாதாரம் என்றார், இரண்டாவதை ஓட்டத்திலிருந்து எடுக்கும் பொருளாதாரம் என்றார். நிலக்கரி, பெட்ரோல், இரும்பு எல்லாம் முதல் வகை. மரமும் பயிரும் இரண்டாம் வகை.

தேக்கம் என்றதும் நாஞ்சில் நாட்டு விவசாயிக்குப் பேச்சிப்பாறை நினைவுக்கு வரும். அதுவோ இரண்டு பருவமழையிலும் நிரம்பும். அதனால் நம் ஊருக்கு இதைப் பத்தாயமும் பழையாறும் என்று மாற்றிக்கொள்வது நல்லது. அறுவடையே இல்லாமல் பத்தாயத்து நெல்லை மட்டும் அள்ளித் தின்றால் ஒரு நாள் அடிப்பலகை தெரியும். பழையாற்றில் ஓடும் நீரை அளவோடு எடுத்தால் அடுத்த ஆண்டும் எடுக்கலாம்.

சாணம், வைக்கோல், வாழைத்தண்டு, சமையல் கழிவு ஆகியவற்றிலிருந்து வரும் வாயு இந்த ஆற்று வகையைச் சேர்ந்தது. உழுத வயலின் சேற்றில் கால் வைக்கும்போது குமிழி குமிழியாக மேலே வருமே, அதில் பெரும்பகுதி மீத்தேன்தான். காற்றுப் புகாத இடத்தில் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று அந்த வாயுவை விடுகின்றன. அதையே மூடிய கலனுக்குள் நடத்தினால் அடுப்புக்கு எரிபொருள் ஆகிறது. சாணத்திலிருந்து வரும் வாயுவில் மீத்தேன் 55 முதல் 60 சதவீதம். மீதியில் பெரும்பங்கு கரியமில வாயு, கொஞ்சம் அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு. நம் நாட்டில் இது புதிதல்ல. 1897-லேயே பம்பாய் மாட்டுங்காவில் தொழுநோயாளர் இல்லத்துக் கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்திருக்கிறார்கள். 1939-ல் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் சாணத்தில் சோதனை செய்தார். 1950-களில் குஜராத்தின் ஜசுபாய் படேல் மிதக்கும் கொப்பரை வைத்த கலனை உருவாக்கினார்.

குமரப்பா பெயரில் எரிவாயுக் கலன் எதுவும் கிடையாது. ஆனால் அவர் வளர்த்த கிராமத் தொழில் வேலைகளைப் பின்னாளில் அரசு சார்பில் எடுத்து நடத்திய காதி கிராமத் தொழில் ஆணையம்தான், படேல் கலனை 1960-களில் ஊர் ஊராகக் கொண்டுபோனது. நம் தொழுவங்களில் இன்றும் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்புக் கொப்பரைகள் அந்த வகைதான். அவற்றை ஏன் கைவிட்டீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், மாடு போய்விட்டது என்ற பதில்தான் பெரும்பாலும் வந்தது.

சிறையில் எழுதிய புத்தகம்

1942 வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் குமரப்பா கைதாகி ஜபல்பூர் சிறைக்குப் போனார். உடல் கெட்டது, ரத்தக் கொதிப்பு ஏறியது. அந்த நிலையில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையும் வாழ்க்கையும் பற்றியது, மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதி, விளையாட்டும் மரியாதையுமாக இரண்டு டாக்டர் பட்டங்களையும் கொடுத்தார்.

இரண்டாவது புத்தகத்தில் உயிர்கள் பிழைக்கும் விதங்களை அவர் வகைப்படுத்துகிறார். மாந்தோப்பில் புகும் குரங்கு, மரம் வைக்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை, பழத்தை மட்டும் எடுக்கிறது. தேனீயோ தனக்காக மட்டும் அலையாமல் கூட்டுக்கே தேன் சேர்க்கிறது. பூவிடம் எடுக்கும்போதே மகரந்தத்தைக் கொண்டு சேர்த்துக் காய் பிடிக்கவும் உதவுகிறது. இவை தவிர ஒட்டுண்ணி, கூடு கட்டிப் பிழைக்கும் பறவை, குஞ்சுக்காக இரை தேடும் தாய்ப்பறவை என்றும் சொல்கிறார். எடுத்தவன் திரும்பக் கொடுத்தானா என்பதைத்தான் ஒவ்வொன்றிலும் பார்க்கிறார்.

இந்தக் கண்ணோடுதான் சாணத்தையும் பார்த்தார். எருவாகப் போக வேண்டியதை எரிப்பது அவருக்குப் பிடிக்காது. எருக்குழி முறையை மகன்வாடியில் வலியுறுத்தினார். வறட்டியாக எரித்தால் சாணத்தில் இருக்கும் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனில் விட்டு வாயு எடுத்தால் அடுப்பும் எரியும், தழைச்சத்தும் கரைசலில் தங்கும். வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரியும் ஹைட்ரஜனும்தான். தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் கரைசலிலேயே நிற்கும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேண்டியிருக்கும்.

சுதந்திரம் வந்தபின் காங்கிரஸ் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைவரானார். நாடு முழுக்கச் சுற்றி 1949-ல் அறிக்கை கொடுத்தது அந்தக் குழு. உழுகிறவருக்கே நிலம் என்பது அதன் அடிப்படை. அதில் பாதிகூட நடைமுறைக்கு வரவில்லை. புதிய அரசு பெரிய ஆலைகளின் பக்கம் சாய்ந்தது. ரசாயன உரம், டிராக்டர் என்று போன போக்கை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. யூரியா இல்லாமல் அந்த ஆண்டுகளின் பஞ்சத்தை நாடு தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் உர மூட்டைக்குள் இருக்கும் சத்தை உண்டாக்க இயற்கை எரிவாயு வேண்டும், அதில் ஏறத்தாழ பாதியை இன்று வெளிநாட்டிலிருந்து வாங்குகிறோம் என்பதைப் பார்க்கும்போது, அவருடைய பத்தாயக் கணக்கு தப்பவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன்.

வார்தாவுக்கு அருகே செல்டோ என்ற ஊரில் ஓர் ஆசிரமம் வைத்து விவசாயம் சார்ந்த வேலைகளைத் தொடர்ந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் தமிழ்ச் சொல்தான், பண்ணை. உடல்நிலை மோசமாகவே, 1950-களின் நடுவில் மதுரை மாவட்டம் டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து சிறு குடிலில் தங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை, சொத்தும் சேர்க்கவில்லை. 1960 ஜனவரி 30-ம் தேதி, காந்தியின் நினைவு நாளன்று, சென்னை மருத்துவமனையில் காலமானார்.

இப்போது உங்கள் வைக்கோல்

அவர் இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தேக்கத்தை விட்டு ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று அரசே பேசத் தொடங்கியிருக்கிறது. 2018-ல் மத்திய அரசு அழுத்தப்பட்ட உயிரி எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கியது. கலனில் வரும் வாயுவிலிருந்து கரியமில வாயுவையும் சல்பைடையும் நீக்கி, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் அது நிலத்தடி எரிவாயுவுக்குச் சமம். சிலிண்டரில் அடைக்கலாம், நாட்டின் எரிவாயுக் குழாயிலும் சேர்க்கலாம். வண்டிக்கும் வீட்டுக்கும் எரிவாயு விற்கும் நிறுவனங்கள் 2025-26-ல் 1 சதவீதம் இதைக் கலக்க வேண்டும், 2028-29 முதல் 5 சதவீதம் கலக்க வேண்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் 2022-ல் திறந்த ஆலை வைக்கோலிலிருந்து நாளுக்கு 33 டன் வாயு எடுக்கும் திறன் கொண்டது. எருக்குழி முறையை ஆல்பர்ட் ஹோவர்டு உருவாக்கிய இந்தூரிலேயே இன்று நாளுக்கு 550 டன் ஈரக் கழிவிலிருந்து வாயு எடுத்துப் பேருந்து ஓட்டுகிறார்கள். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி வரை 143 கிலோமீட்டர் எரிவாயுக் குழாய் 2021-ல் வந்துவிட்டது. நம் மாவட்டத்தின் வாசலுக்கு வந்துவிட்டது என்றே கொள்ளலாம்.

இது நல்ல செய்திதான். ஆனால் குமரப்பா இருந்திருந்தால் வயலின் பெயரில் ஒரு பேரேடு திறந்திருப்பார். நாமும் திறப்போம்.

ஒரு டன் நெல் வைக்கோலில் தழைச்சத்து 5 முதல் 8 கிலோ, சாம்பல்சத்து 15 முதல் 20 கிலோ, அதோடு தண்டுக்கு உறுதி தரும் சிலிக்கா 40 கிலோவுக்கு மேல் இருக்கும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் என்று வையுங்கள். 30 முதல் 40 கிலோ சாம்பல்சத்து லாரி ஏறுகிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் இருப்பதே 30 கிலோதான். அதாவது ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல் பொட்டாஷும், அரை மூட்டைக்குக் குறையாத யூரியாவும் வைக்கோலோடு போகின்றன. வைக்கோல் விலையில் இதைக் கழித்துப் பாருங்கள், மிஞ்சுவதுதான் உங்கள் வரவு. தீவனமாகப் போகும் வைக்கோலுக்கும் இதே கணக்குத்தான், மாடு உங்கள் ஊரிலேயே நின்றால் மட்டும் சாணமாகத் திரும்பி வரும்.

ஆலைக்குப் போகும் வைக்கோலில் சத்து அழிவதில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா? அது ஆலையின் கழிவில் இருக்கிறது. அதைப் பிழிந்து திட எருவாக விற்கிறார்கள், டன்னுக்கு 1,500 ரூபாய் மத்திய அரசு உதவியும் இதற்கு 2023-ல் அறிவிக்கப்பட்டது. ஆனால் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாம்பல்சத்து தண்ணீரில் கரையக்கூடியது. பிழியும்போது அதில் பெரும்பகுதியும், பயிர் உடனே எடுக்கக்கூடிய தழைச்சத்தும் நீர்ப்பகுதியோடு போய்விடும். திட எரு மட்டும் வந்தால் பாதிக் கணக்குத்தான் நேராகும். நீர்க் கரைசலோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதைத் தூரம் கொண்டுபோகக் கட்டுப்படியாகாது. வாயு குழாயில் டெல்லி வரை போகும், கரைசல் பக்கத்து ஊரைத் தாண்டாது. அதனால் நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலையைவிட, தோவாளையிலோ அகஸ்தீஸ்வரத்திலோ சிறிதாக ஒன்று வந்தால் அதற்கு வைக்கோல் கொடுப்பது மண்ணுக்கு லாபம்.

தொழுவத்தில் நாலைந்து மாடு இருந்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். 25 கிலோ சாணம் ஏறத்தாழ 1 கனமீட்டர் வாயு தரும். 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் விட்டால் 2 கனமீட்டர் கலன் ஒரு குடும்பத்தின் சமையலுக்குப் போதும். வைக்கோலை முழுசாக உள்ளே தள்ளாதீர்கள், மிதந்து ஏடு கட்டி அடைத்துவிடும். மாடில்லாத வீட்டுக்குச் சமையல் கழிவில் ஓடும் சிறு கலன்களைக் கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தார் உருவாக்கியிருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் ஷீட் அடிப்பவர்கள் ஷீட் கழுவிய தண்ணீரிலிருந்தும் வாயு எடுக்கலாம். கலன் பற்றியும் மண் பரிசோதனை பற்றியும் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.

பூதப்பாண்டிப் பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கரைசலைத் திரும்பக் கொண்டுவரும் லாரி வாடகை யார் தலையில் என்று கேட்டார். அன்று நான் கேட்ட கேள்விகளிலேயே சரியான கேள்வி அதுதான். வைக்கோல் கேட்டு யார் வந்தாலும், எத்தனை டன்னுக்கு எவ்வளவு எரு திரும்பும், திடமாகவா நீராகவா, எந்த மாதத்தில், யார் செலவில் என்ற நான்கையும் விலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். கன்னிப்பூ தொழி உழவுக்கு முன்னால் எரு வயலில் இறங்கியிருக்க வேண்டும், அந்தத் தேதியையும் சேர்த்து எழுதுங்கள்.